பூவை வரைந்தவர் பெயரையும் பாருங்கள்!

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் கண்ணாடி ஃப்ரேம் போட்ட செம்பருத்திப் படம் ஒன்றைப் பார்த்தேன். மஞ்சளேறிய காகிதம், கீழே லத்தீன் பெயர். "இருநூறு வருஷப் பழசு சார்" என்றார் கடைக்காரர். நாலாயிரம் சொன்னதை மூவாயிரத்துக்குப் பேசி முடித்து, பெருமையோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் தன் லென்ஸை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். "அப்பா, பூ முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கே?" என்றாள். நான் வாங்கி வந்தது சாதாரண ஆஃப்செட் அச்சு!

அந்த மூவாயிரத்தை ட்யூஷன் ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் பழைய தாவரப் படங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த ஆசை உள்ளவர்களுக்கு, நான் கற்றவற்றில் கொஞ்சம்.

லென்ஸ் சொல்லும் உண்மை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். வண்ணங்கள் வரிசை வரிசையான குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால், அது நவீன அச்சு. பழைய படங்களில் தூரிகையால் வண்ணம் பூசியிருப்பார்கள். சில இடங்களில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பது ஒரு முறை. அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்துவிடும். ஓரம் வெட்டப்படாத படம் என்றால், அந்தப் பள்ளத்தை விரல் நுனியால் தடவியே உணரலாம். கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு 1790-களின் கடைசியில் ஜெர்மனியில் பிறந்தது. அதில் இந்தத் தடம் இருக்காது.

படத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளையும் படியுங்கள். பெயருக்குப் பின்னால் 'டெல்' என்ற லத்தீன் சுருக்கம் இருந்தால், அவர் வரைந்தவர். 'ஸ்கல்ப்' என்று இருந்தால், தகட்டில் செதுக்கியவர்.

ரங்கையாவும் கோவிந்துவும்

அந்தப் பொடி எழுத்தில்தான் நம் ஊர்க் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வைட், 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். செடி கொடிகள் மீது அவருக்குத் தீராத மோகம். பின்னாளில் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணையைப் பார்த்துக்கொண்டபோதும் தாவர ஆராய்ச்சியை விடவில்லை. 1838 முதல் 1853 வரை சென்னையில் அவர் வெளியிட்ட 'ஐகோனஸ்' என்ற நூல் ஆறு தொகுதிகள் கொண்டது. அதில் 2,101 கல்லச்சுப் படங்கள்!

அந்தப் படங்களுக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு இந்திய ஓவியர்கள்: முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வெள்ளைக்கார அதிகாரிகளிடம் வேலை பார்த்த இந்திய ஓவியர்கள் பலரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. வைட்டின் நூலிலோ இவர்கள் பெயர் படங்களின் அடியிலேயே இருக்கிறது. ஓர் ஆர்க்கிட் செடிக்கு ஓவியர் கோவிந்துவின் பெயரையே சூட்டினார் வைட். இன்று அந்தச் செடியை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டாலும், தாவரவியல் பதிவுகளில் அந்தப் பெயர் நிற்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 'ஐகோனஸ்' படங்கள் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தவை. வண்ணத்தோடு யாராவது நீட்டினால், அது பிற்காலத்தில் பூசியதா என்று கேளுங்கள்.

கேரளத்துச் செடிகளைச் சொல்லும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இன்னும் பழையது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதன் செப்புத் தகட்டுப் படங்களில் செடியின் பெயரை லத்தீனோடு மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பார்க்கலாம்.

ஒரு படத்துக்காக ஒரு புத்தகம்

தனித் தாளாக விற்கும் பழைய படங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து பிரிக்கப்பட்டவை. முழுப் புத்தகத்தை விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம் என்று நல்ல புத்தகங்களையே கிழிப்பவர்கள் இருக்கிறார்கள். படம் ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போகும். அந்தச் செடி எங்கே கிடைத்தது, எப்போது பூத்தது என்று சொல்லும் பக்கம் குப்பைக்குப் போகும். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்காமல் வாங்காதீர்கள். நாம் கேட்க ஆரம்பித்தால்தான் கிழிப்பதும் குறையும்.

இன்னொன்று, நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பரிசாக அனுப்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள்!

வீட்டில் பத்திரமாக இருக்க...

* வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வண்ணம் வெளுத்துவிடும்.

* குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம். ஈரம் ஏறினால் பழுப்புப் புள்ளிகள் விழும். ராமபாணப் பூச்சியும் வரும்.

* லேமினேஷன், செல்லோ டேப், ஃபெவிகால் மூன்றுக்கும் தடை போடுங்கள். ஒட்டியதைப் பிரிக்கும்போது படமும் சேர்ந்து கிழியும்.

* ஃப்ரேம் போடும்போது அமிலம் இல்லாத அட்டையைக் கேட்டு வாங்குங்கள். படம் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும்.

பணம் இல்லாமலும் சேர்க்கலாம்

வைட்டின் நூலையும் மலபார் நூலையும் 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், தரவிறக்கலாம். செல்போனிலேயே பெரிதாக்கிப் பார்த்தால் இலையின் நரம்புகூடத் தெரியும்.

அந்தச் செம்பருத்தி இருந்த ஃப்ரேமில் இப்போது கோவிந்து வரைந்த ஆர்க்கிட் இருக்கிறது. தரவிறக்கிக் கடையில் பிரின்ட் போட்டது. செலவு எண்பது ரூபாய். லென்ஸ் வைத்தால் இதிலும் புள்ளிகள்தான் தெரியும். ஆனால், இது பழசு என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. கீழே மகள் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'வரைந்தவர்: கோவிந்து.' வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் "யார் இந்தக் கோவிந்து?" என்று கேட்கிறார்கள். கதை சொல்வது அவள் வேலை.