25,000 ரூபாய்க்குள் வீட்டு கம்ப்யூட்டர்: எதை மாத்தணும், எதை மாத்த வேண்டாம்?

இன்ஜினியரிங் சேர்ந்துட்டோம்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி பிளேஸ்மென்ட். ரெண்டாவது, "வீட்டுல சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசா எதுப்பா வாங்கலாம்?" நாம சிவிலா, மெக்கானிக்கலான்னு எல்லாம் யாரும் பார்க்கிறதில்ல. இப்போ இந்தக் கேள்வி கூடுதலா வர ஒரு காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. பழைய டெஸ்க்டாப் இருக்கிற எல்லா வீட்டுலயும் "இத வச்சுக்கலாமா, மாத்தணுமா" என்ற பேச்சு ஓடுது.

தல்லாகுளத்தில் எங்க வீட்டுக் கணக்கையே உதாரணமா எடுத்துக்கிறேன். அப்பா ரெண்டு கடைக்கு டேலி பார்க்கிறார். தங்கச்சி பிளஸ் டூ, அவளுக்கு வீடியோ கிளாஸும் மாடல் டெஸ்ட்டும். இருக்கிறது 2013-ல் வாங்கின மூணாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஒதுக்கின தொகை 25,000 ரூபாய், அதுவும் சீட்டு எடுத்த பணம். இன்னொரு தடவை இதுக்குன்னு காசு ஒதுக்க அஞ்சாறு வருஷம் ஆகும். நாம சொல்ற ஒரு வார்த்தையில இந்தப் பணம் போகுது. அதனால யோசிச்சுச் சொல்லணும்.

முதல்ல: எது ஸ்லோ?

"கம்ப்யூட்டர் ஸ்லோ" என்பது "உடம்பு சரியில்லை" மாதிரி. எங்கே வலின்னு கேக்கணும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமா பண்ற வேலையைப் பண்ணிக்கிட்டே அதைப் பாருங்க. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்னு, பிராசஸர் 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தா, குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டினா ரேம் பத்தலை.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு இழுக்குது? அது நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுத்துது. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியா அரைச் சுற்று காத்திருக்கணும். ஹெட் நகர்ற நேரத்தையும் சேர்த்தா, ஒரு சின்னத் துண்டைப் படிக்கவே சுமார் 12 மில்லி செகண்ட். அப்போ செகண்டுக்கு 80 துண்டுதான். விண்டோஸ் ஆன் ஆகும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்கணும். எஸ்.எஸ்.டி.யில் சுத்துற பாகமே கிடையாது, ஒரு துண்டுக்கு 0.1 மில்லி செகண்ட் அளவுதான் ஆகும். பழைய மெஷின்ல எஸ்.எஸ்.டி. போட்டா புதுசு மாதிரி தெரியுறதுக்குக் காரணம் இதுதான்.

அதனால உங்க வீட்டு மெஷின் 2018-க்குப் பிறகு வாங்கினதா இருந்தா, புதுசு பத்தி யோசிக்கவே வேண்டாம். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒண்ணு, ரேமை 8 ஜி.பி. ஆக்குறது, உள்ளே இருக்கிற தூசியைச் சுத்தம் பண்றது. வேலை முடிஞ்சது.

அப்போ எப்போ மாத்தணும்?

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேணும். பிராசஸர், சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்னா எட்டாம் தலைமுறை, ஏ.எம்.டி.னா ரைசன் 2000 வரிசை, இல்ல அதுக்கு மேல இருக்கணும். எங்க வீட்டு மூணாம் தலைமுறை இதுல அவுட். "நான் எப்படியாவது விண்டோஸ் 11 ஏத்தித் தர்றேன்" என்று சிலர் சொல்வாங்க. ஏத்த முடியும்தான். ஆனா தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. கணக்கு வழக்கு, நெட் பேங்கிங் நடக்கிற மெஷின்ல அந்த ரிஸ்க் தேவையில்ல.

இன்னொரு வழி லினக்ஸ். அரசு இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் ஆரம்பிச்சப்போ வந்த லேப்டாப்புகள்ல விண்டோஸோட சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கினது. அண்ணன் அக்கா வச்சிருந்ததைப் பாத்திருப்பீங்க. பிரவுசர், வீடியோ, டைப்பிங் மட்டும்தான் வேலைன்னா, பழைய மெஷின்ல எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸ் மின்ட்டும் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். டேலி மாதிரி விண்டோஸுக்குன்னே எழுதின சாஃப்ட்வேர் வேணும்னா இது சரிப்படாது. எங்க வீட்டுல மாத்த வேண்டியதானதுக்குக் காரணம் அந்த டேலிதான்.

'ஐ7' என்ற வார்த்தையில ஏமாறாதீங்க

கடையில "ஐ7 சிஸ்டம், 12,000 ரூபாய்தான்" என்று சொன்னா, உடனே முழு நம்பரையும் கேளுங்க. ஐ5-8500 என்றால் கோட்டுக்குப் பிறகு வர்ற 8 தான் தலைமுறை. ஐ7-3770 என்றால் மூணாம் தலைமுறை, 2012-ல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பேர்ல ஐ7 இருந்தாலும் 3770-க்கு விண்டோஸ் 11 தகுதி கிடையாது. எட்டாம் தலைமுறை ஐ3-க்கு உண்டு. வீட்டு வேலைக்கு ஐ3-யா ஐ7-ஆ என்பதைவிட எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம்.

புதுசா, ரீஃபர்பிஷ்டா?

இது புது அசெம்பிள்டு சிஸ்டத்துக்கு நல்ல நேரம் இல்ல. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் பெரும்பாலும் போறதால ரேம் விலை ஏறிடுச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான் நிறுவனம், நாம கடையில பாக்குற 'குரூஷியல்' ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே விடுறதா அறிவிச்சது. பழைய ரேமைப் புது போர்டுல போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. 2013 மெஷின்ல இருக்கிறது டி.டி.ஆர்.3, புது போர்டுல அது பொருந்தவே பொருந்தாது.

நான் சொல்றது, கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிட்டு மொத்தமா விக்கிற ஆபீஸ் டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் இந்த மூணும் நிறைய கிடைக்கும். மாடல் நம்பரைக் கவனிங்க: ஆப்டிபிளெக்ஸ்னா 3060, 5060, 7060, எலைட்டெஸ்க்னா 800 ஜி4, திங்க்சென்டர்னா எம்720. இதெல்லாம் எட்டாம் தலைமுறை. 3050, ஜி3, எம்710 எல்லாம் அதுக்கு முந்தினது, விலை குறைவா இருந்தாலும் வேண்டாம். இந்த மெஷின்கள்ல ரேம் ஏற்கனவே உள்ளே இருக்கிறதால, ரேம் விலையேற்றம் நம்மைக் கொஞ்சம் குறைவா கடிக்கும்.

குறையும் உண்டு. சின்ன கேஸ், அதுக்கேத்த தனி வகை எஸ்.எம்.பி.எஸ். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே போகாது. கேம் ஆடணும், 3டி டிசைன் பண்ணணும்னா இது உங்களுக்கு இல்ல.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

ஆன் பண்ணிப் பாக்காம பணம் கொடுக்காதீங்க.

1. ஆன் ஆகும்போதே பயாஸுக்குள்ள போங்க (டெல்லுக்கு எஃப்2, ஹெச்.பி.க்கு எஃப்10, லெனோவாவுக்கு எஃப்1). பாஸ்வேர்ட் கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. பழைய கம்பெனி போட்ட பூட்டு இன்னும் திறக்கலைன்னு அர்த்தம்.
2. செட்டிங்ஸ்ல விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கா பாருங்க.
3. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர்ல எஸ்.எஸ்.டி.யின் ஹெல்த் சதவீதம் தெரியும்.
4. பின்னாடி எந்த போர்ட் இருக்குன்னு பாருங்க. வீட்டு மானிட்டர்ல வி.ஜி.ஏ. மட்டும், இதுல டிஸ்பிளே போர்ட் மட்டும்னா ஒரு கன்வெர்ட்டர் வாங்கணும்.
5. வைஃபை இருக்கா? பல ஆபீஸ் மெஷின்கள்ல இருக்காது.
6. ஜி.எஸ்.டி. பில்லும், அதுல எழுதின வாரன்டியும். வாயால சொல்ற வாரன்டி கணக்கில் சேராது.

கரன்ட் கணக்கு

பலர் விட்டுடுறது இது. மதுரை வெயில்ல மத்தியானம் கரன்ட் போய் வர்றதும், வோல்டேஜ் ஏறி இறங்குறதும் நமக்குப் புதுசு இல்ல. டேலியில என்ட்ரி போட்டுட்டு இருக்கும்போது பட்டுனு ஆஃப் ஆனா ஃபைலே கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அதுல 'யு.பி.எஸ். மோடு' ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. எஸ்.எம்.பி.எஸ். கரன்ட் இல்லாம தாக்குப்பிடிக்கிறது சுமார் 16 மில்லி செகண்ட். யு.பி.எஸ். மோடுல இன்வெர்ட்டர் பொதுவா அதுக்குள்ள மாறிடும், எகோ மோடுல மாறாம போகலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒண்ணு போதும்.

எங்க வீட்டுக் கணக்கு

நான் விசாரிச்சப்போ வந்த விலை இது. வாரத்துக்கு வாரம் மாறும்.

ஐ5-8500, 16 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.: 17,000
யு.பி.எஸ்.: 3,000
வைஃபை அடாப்டர்: 1,000
டிஸ்பிளே கன்வெர்ட்டர்: 500
பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. கேஸ்: 1,000
மொத்தம்: 22,500

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் பழசே. மிச்சம் 2,500-ஐ ரிப்பேருக்குன்னு வச்சுக்கிறோம்.

கடைசியா சொன்ன அந்த கேஸ் ஏன்னா, பழைய மெஷினை எடைக்குப் போடும்போது ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்துடுறாங்க. அதுல காதுகுத்து போட்டோ, பத்து வருஷக் கணக்கு, ஆதார் ஸ்கேன் எல்லாம் இருக்கும். டெலிட் பண்ணியிருந்தாலும் திரும்ப எடுக்க முடியும். டிஸ்க்கைக் கழட்டி கேஸ்ல போட்டா அதுவே பேக்கப் டிரைவ். கேஸ் வாங்கும்போது தனி பவர் அடாப்டர் உள்ளதா வாங்குங்க, டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. கரன்ட் மட்டும் பத்தாது.

அவசரமும் படாதீங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாக்-இன் பண்ணி செட்டிங்ஸை பேக்கப் பண்ணினா, விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் இலவசமா கிடைக்குது. அப்டேட் பக்கத்துலயே அதுக்கான லிங்க் இருக்கு. இன்னைக்கே அதை ஆன் பண்ணிட்டு, ரெண்டு மூணு கடை ஏறி இறங்கி, மாடல் நம்பரைக் கேட்டு, நிதானமா வாங்குங்க.