குறுகிய நிலமும் சிறிய விமானமும்

நுரைச்சோலையில் மேற்கே கடல்; கிழக்கே புத்தளம் களப்பு. இடையே மணலும் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களும். இங்கே ஒரு விமானம் இறங்க வேண்டுமாயின் அது எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று மாணவனொருவன் வினவினான். மிக விரைந்து செல்லும் விமானம் என்றனர் வகுப்பிற் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது.

காட்டிலும் மலையிலும் பறப்பதற்கென்றே அமைந்த சிறு விமானங்களின் முதற்சிறப்பு மெதுவாகப் பறத்தலேயாம். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் இறக்கையைக் காற்று ஏந்தாது. அகன்ற இறக்கையும், அதன் பின்விளிம்பில் தாழ்ந்து வளையும் மடல்களும் அவ்வெல்லையைக் குறைக்கின்றன. மெதுவாக இறங்குவது விரைவில் நிற்கும். நீண்ட ஓடுபாதை வேண்டுவதில்லை. எதிர்க்காற்றும் துணைபுரியும். மணிக்கு 45 மைல் வேகத்தில் இறங்கும் விமானத்தை 20 மைல் காற்று எதிர்கொண்டால், நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் 25 மைலே. காற்றுக்கு எங்கள் ஊரிற் பஞ்சமில்லை!

இறக்கை உடலுக்கு மேலே அமைவதால் புதரும் கல்லும் அதில் மோதா. பருத்த சக்கரங்கள் மணலில் எளிதிற் புதையா. 1947 ஆகஸ்ட் 16 இல் கனடாவில் முதன்முதற் பறந்த 'பீவர்' விமானத்தை வடிவமைக்குமுன், காட்டுப் பகுதிகளிற் பறந்து பழகிய விமானிகளிடமே கருத்துக் கேட்டனர். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றத்தக்க அகலக் கதவுகள் அவ்வாறு வந்தவை. சக்கரத்துக்குப் பதிலாக மிதவையையோ பனிச்சறுக்குக் கட்டையையோ அதிற் பூட்டலாம். அதே நிறுவனம் 1965 இல் பறக்கவிட்ட 'ட்வின் ஒட்டர்' இன்று மாலைதீவில் மிதவைகளுடன் தீவுக்குத் தீவு செல்கின்றது.

இவற்றின் அருமை நோயாளிக்கே நன்கு தெரியும். அவுஸ்திரேலியாவில் ஜோன் பிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால், 1928 மே 17 இல் குளோன்கரியிலிருந்து மருத்துவர் ஒருவர் விமானமேறினார். பறக்கும் மருத்துவ சேவை அன்று தொடங்கியது.

கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள பத்தலங்குண்டுத் தீவின் மீனவர் நோயுற்றால், பெரிதும் படகையே நம்பவேண்டியுள்ளது. மிதவை விமானம் அங்கே உதவுமா? உதவும்; ஆயினும் பேரலையில் அது இறங்காது. தீவின் காற்றுமறைவில் நீர் அடங்கியிருக்கும் நேரம் பார்த்தல் வேண்டும். களப்பு அதனினும் ஏற்றது. களப்பிலிருந்து விமானம் எழுவது இலங்கைக்குப் புதிதுமன்று. 1942 ஏப்ரல் 4 இல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டறிந்த 'கற்றலினா' கொக்கலைக் களப்பிலிருந்தே எழுந்தது.

எங்கள் பக்கத்தில் இடையூறுகளும் உள்ளன. அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியும் கரையோரக் காற்றாலைகளும் தாழப் பறப்போர்க்கு ஆபத்தானவை. களப்பு ஆழமற்றது, நீருக்குள் நட்ட கம்பும் விரித்த வலையும் மேலிருந்து பார்ப்போர்க்குத் தெரியா. அவை இல்லாத நீர்ப்பரப்பு எது என்பதை விமானிக்கு முன்னரே காட்டவல்லவர், அங்கே நாள்தோறும் தொழில் செய்யும் மீனவரே.