வாரிசுக்கு நிலம் எங்கே?

பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரிலும் சுற்று ஊர்களிலும் ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. தூக்குச்சட்டியோடு ஏறும் பெண்கள், போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்களில் தலித் பெண்கள் கணிசமானோர்.

காய் எடுப்பது எல்லோருக்கும் வந்துவிடும் வேலை அல்ல. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் இருக்கும். பிஞ்சைத் தொடாமல் முற்றியதை மட்டும் எடுக்கக் கண்ணும் கையும் பழக வேண்டும். தாயிடம் மகள் கற்கும் தொழில் இது. அந்தக் காய், போடியில் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் விலைபோகிறது. எடுத்தவருக்குக் கிடைப்பது நாள் கூலி.

"இளைஞர்கள் விவசாயத்துக்கு வருவதில்லை" என்று மேடைதோறும் கவலைப்படுகிறார்கள். நிலமுள்ள வீட்டுப் பிள்ளை வெளியூர் போனாலும், மனம் மாறினால் திரும்பி வரலாம். கூலி வீட்டுப் பிள்ளை எந்த நிலத்துக்குத் திரும்புவது? அவருக்கு அம்மாவின் தொழிலறிவு வருகிறது, பட்டா வருவதில்லை. நாட்டு மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இது தானாக வந்த நிலை அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் அதே மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இருந்தும் ஏராளமான நிலம் பறிபோனது. மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள்.

நிலம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதி சாட்சி. அங்கே தலித் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தரிசைத் திருத்தினார்கள், குத்தகைக்கும் எடுத்தார்கள். சோளம், தினை, துவரை என்று கலந்து விதைத்தார்கள். விதையைத் தாங்களே காத்தார்கள். விளைந்த தானியத்தை ஊரிலேயே சேமித்து, இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களோடு நின்ற தக்காண வளர்ச்சிக் கழகத்துக்கு 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது.

நம் மாநிலத்தில் 'நன்னிலம்' திட்டம் இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, தாட்கோ வழியாகப் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். மீதியைத் திரட்டுவது கூலி வீட்டுக்குப் பெரும் சுமைதான். ஆனாலும் விண்ணப்பிக்காமல் விட வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'பஞ்சமி', 'டி.சி.', 'நிபந்தனை' என்ற குறிப்பு பழையதில் இருந்து புதியதில் காணாமல் போயிருக்கிறதா என்று தேடுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அம்மாவுக்கு மண்ணைத் தெரியும். ஆவணத்தைத் தேடுவது படித்த பிள்ளையின் பொறுப்பு.