நேரத்தைத் திருடும் செல்போன்! மீட்க வழி உங்க பையிலேயே இருக்கு

புதுச்சேரி:

மாலை 6 மணி ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. மறுநாள் காலை 7½ மணி வரை நடப்பவர்களுக்கே ரோடு சொந்தம். காற்று வாங்க வருகிறவர்கள் காந்தி சிலை அருகிலும், பாறைகள் மீதும் உட்காருகிறார்கள். உட்கார்ந்த மறுநிமிஷம் கை பாக்கெட்டுக்குப் போகிறது. எதிரே கடல், கண் செல்போனில்!

"ஒரு நிமிஷம் பார்த்துட்டு வெச்சுடறேன்" என்றுதான் ஆரம்பம். தலை நிமிர்ந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும். பஸ் நிலையம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வராந்தா... எங்கும் இதே கதைதான்.

திருடன் யார்?

முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால், அடுத்த பக்கத்துக்குப் பட்டனை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் "போதும்" என்று எழுந்துவிடலாம். 2006-ல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க நிபுணர், தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்து கொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பின்னால் அதற்காக அவரே வருத்தப்பட்டார்! சீட்டாட்டக்காரன் "அடுத்த கையிலே ஜெயிச்சிடலாம்" என்று உட்கார்ந்திருப்பான் அல்லவா? அதே போலத்தான் விரலும் தள்ளிக்கொண்டே போகிறது.

இது விளையாட்டு விஷயம் இல்லை. செல்போன், இன்டர்நெட் மோகத்துக்கு வைத்தியம் பார்க்க 2014-லேயே பெங்களூர் நிமான்சில் தனி கிளினிக் திறந்தார்கள். கட்டுக்கடங்காத வீடியோ கேம் மோகத்தை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

சைரன் ஊதிய கிராமம்

மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்தில் பாடம் படிக்க போனை வாங்கிய பிள்ளைகள், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் ஊரே கூடி முடிவெடுத்தது. இரவு 7 மணிக்குக் கோவிலில் சைரன் ஊதும். உடனே டி.வி., செல்போன் எல்லாம் ஆப்! அடுத்த 1½ மணி நேரம் படிப்பு, வாசிப்பு, பேச்சு.

இதில் பாடம் என்ன? போனைப் பிடுங்கினால் மட்டும் போதாது. சும்மா இருக்கும் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

ரங்கப்பிள்ளை செய்த வேலை

அந்த வேலைக்குப் புதுச்சேரியிலேயே முன்னோடி உண்டு. துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1736 முதல் 1761 வரை டைரி எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, சண்டை மூண்டது எல்லாம் தமிழில்! வியாபாரம், அரசாங்க வேலை, ஆயிரம் தொல்லை. அதற்கு நடுவிலும் எழுதினார். பஸ்சுக்குக் காத்திருக்கும் 10 நிமிஷத்தில் நாலு வரி நம்மால் முடியாதா? சின்ன நோட்டும் பேனாவும் சட்டைப் பையில் அடங்கும்.

எழுத வரவில்லையா? 1827-ல் தொடங்கிய நம்ம ஊர் பொது நூலகம் இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இயங்குகிறது. அங்கே உறுப்பினராகி ஒரு புத்தகம் எடுத்துப் பையில் போடலாம்.

இரண்டு பேர் சேர்ந்தால் பல்லாங்குழி. 14 குழி, மடக்கும் பலகையும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். ஆடு-புலி ஆட்டத்துக்கு அதுவும் வேண்டாம். தரையில் சாக்பீஸ் கோடு, 3 புலி, 15 ஆடு, அவ்வளவுதான்!

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்கும் இருக்கிறது. சின்ன மரக்குண்டை 6 முதல் 10 மீட்டருக்குள் வீசி, அதன் பக்கத்தில் இரும்புக் குண்டைப் போட வேண்டும். ஒரு குண்டு 650 முதல் 800 கிராம். இரண்டு மூன்று குண்டு கைப்பையில் அடங்கும். கையில் குண்டு இருந்தால் போன் பார்க்க முடியாது!

எப்படி ஆரம்பிப்பது?

போனைத் தூக்கி எறிய வேண்டாம். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரும். பேங்க் நம்பர் வரும். மணி அடிக்கட்டும், நெட்டை மட்டும் நிறுத்துங்கள். போன் பையின் அடியிலும், நோட்டோ புத்தகமோ மேலேயும் இருக்கட்டும். கைக்கு எது முதலில் தட்டுப்படுகிறதோ, அதைத்தான் கை எடுக்கும். முதல் வாரம் ஒரே ஒரு இடம் போதும்: பஸ் பயணம் அல்லது கடையில் கூட்டம் இல்லாத வேளை.

அப்படியும் விட முடியவில்லை, தூக்கம் கெடுகிறது, பிள்ளை படிப்பு பாழாகிறது என்றால் கூச்சப்பட வேண்டாம். 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது.

அந்த ஒரு காலுக்காக மட்டும் போனைத் தாராளமாகக் கையில் எடுக்கலாம்!