.315 வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றை அறிதல்

.315 வேட்டைத் துப்பாக்கி இந்தியச் சந்தைக்கென்றே பெருகிய ரைஃபிள் வகை. குருடிமலை அடிவாரத்துப் பெரியநாயக்கன்பாளையம் போன்ற, காட்டை ஒட்டிய கொங்கு ஊர்களில் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று தாத்தா வழியில் வந்திருந்தால், அதன் கதையைத் தொடங்க இவ்வகை நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றத்தில் இது பட்டாளத்து .303 லீ-என்ஃபீல்டு போலவே இருக்கும். அதனால் 'யுத்தத்தில் வந்த துப்பாக்கி' என்று வீட்டில் சொல்லப்பட்டால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. துளை அளவே முதல் சான்று. இராணுவத் தோட்டா கிளர்ச்சியாளர் கைக்குப் போகக்கூடாது என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு இந்தியாவில் தனியாருக்கு .303 அளவைத் தடைசெய்தது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் அதே லீ அமைப்பில், ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவுக்கேற்ப ரைஃபிள் செய்து விற்றது. அதுவே இங்கு .315 ஆனது. விடுதலைக்குப் பின் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இதைத் தயாரித்தது, 'ஆர்.எஃப்.ஐ.' என்ற எழுத்துகள் இருந்தால் அது இஷாப்பூர்.

குழலின் மேலுள்ள பெயர் பலரையும் ஏமாற்றும். அது பெரும்பாலும் செய்தவர் பெயரல்ல, விற்ற கடையின் பெயர். கடிகாரத்துக்குப் பேர்போன சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரிலும் ரைஃபிள்கள் உண்டு. உண்மையைச் சொல்வது குழலின் பின்பகுதியில் உள்ள வெடிச்சோதனை முத்திரை. முடிச்சின்னத்தின் கீழ் 'பி.பி.', 'பி.வி.' என்றிருந்தால் பர்மிங்காமில், 1904-க்குப் பின் சோதிக்கப்பட்டது. சில முத்திரைகளை மரக்கட்டை மறைத்திருக்கும். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரைக் கொண்டே கழற்றிப் பார்க்க வேண்டும்.

யாரிடம் இருந்தது என்பதை இரும்பு சொல்லாது. ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியில், சம்பாவத் புலியைக் கொன்றதற்கான பரிசு என்று வெள்ளித்தகடே உண்டு. கென்னத் ஆண்டர்சன் தம் .405 வின்செஸ்டரைப் பற்றித் தாமே எழுதினார். மற்றவர்களுக்கு உரிமப் புத்தகம்தான் கதி. எண், துளை அளவு, புதுப்பித்த தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பெற்ற ரசீதுகளும் உதவும். துப்பாக்கி எந்த ஆண்டில் யார் பெயரில் இருந்தது என்பதை அவற்றைக் கோத்துப் பார்த்தே அறியலாம்.

2019 ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்று வரம்பிட்டு, மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. தாத்தாவின் துப்பாக்கி அப்படிப் போகும்போது தாள்கள் வீட்டில் தங்கிவிடலாம், அல்லது பழைய காகிதத்தோடு போய்விடலாம். ஒப்படைக்கும் முன் எல்லா முத்திரைகளையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, உரிமப் பக்கங்களின் நகலோடு சேர்த்து வைப்பது அரைமணி நேர வேலை.