வயலில் கிடைத்த பழைய இரும்பு: எந்தக் கருவி என்று அறிவது எப்படி?

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ம் நாள் மூடப்பட்டு, ஜூன் 12-ம் நாள் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட கோடையில் காவிரிப் பாசனப் பகுதியில் வாய்க்கால் தூர்வாருதல், கோடை உழவு, மேட்டைத் தட்டிச் சமப்படுத்துதல் ஆகிய வேலைகள் நடைபெறும். இன்னதென்று தெரியாத இரும்புத் துண்டுகள் மண்ணிலிருந்து வெளிவருவதும் அப்போதுதான். அவற்றை உடனே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவதும், பளபளக்கத் தேய்த்துப் பார்ப்பதும் பலருக்கு வழக்கம். இரண்டுமே தவறு.

ஏன் என்பதை அறியத் தாமிரபரணிக் கரையைப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஆதிச்சநல்லூரில் 1899-ம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் முதுமக்கள் தாழிகளை அகழ்ந்தெடுத்தார். வாள், ஈட்டி முதலிய ஆயுதங்களுடன் மண்வெட்டும் கருவிகளும் கிடைத்தன. சில கலங்களில் நெல் உமியும் இருந்தது. சில இரும்புப் பொருள்களின் துருவிலேயே துணியின் இழையும் மரத்தின் தடமும் பதிந்திருந்தன. மண்ணில் மரப்பிடி மக்கிப் போகலாம். ஆனால் அதன் ரேகை துருவில் நிற்கும். எந்தப் பக்கம் பிடி இருந்தது என்று தெரிந்தால், கருவி வெட்டுவதா, கொத்துவதா, அறுப்பதா என்பது பாதி விளங்கிவிடும். துருவைச் சுரண்டினால் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த சிவகளையில், தாழி ஒன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, அங்கு இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகக் கூறுகிறது. இந்தக் காலம் இரும்பைச் சோதித்துப் பெறப்பட்டதன்று. உடன் கிடைத்த கரியைச் சோதித்துப் பெறப்பட்டது. ஆகவே பொருளோடு அது கிடந்த இடமும், சுற்றியுள்ள மண், கரி, ஓடு, உமி ஆகியவையும் சேர்ந்தால்தான் அதன் வயதை அறிய முடியும்.

டெல்டா வயல்கள் ஆற்று வண்டலால் ஆனவை. உழவில் மேலே வருபவை பெரும்பாலும் சில தலைமுறைகளுக்கு உட்பட்ட சாமான்களாகவே இருக்கும். அவற்றை இனங்காணக் கீழ்க்கண்ட அடையாளங்கள் உதவும்.

செய்முறை: எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தாலும், மரையாணி இருந்தாலும் தொழிற்சாலைப் பொருள் எனக் கொள்ளலாம். கொல்லன் பட்டறையில் அடித்த கருவியில் கனம் ஒரே சீராக இராது. சம்மட்டி அடியின் தடமும் தெரியலாம்.

பிடிப்பகுதி: காம்பு நுழையும் குழையோ வளையமோ இருந்தால் மண்வெட்டி, கோடரி, களைக்கொத்து வகை. கூராக நீண்ட வால் இருந்தால் மரப்பிடியில் செருகும் அரிவாள் வகை.

தேய்மானம்: நாட்டுக் கலப்பையின் கொழு பட்டையான இரும்பு, நுனி தேய்ந்து குறுகியிருக்கும். மண்வெட்டியின் விளிம்பு ஒரு மூலையில் அதிகம் தேய்ந்திருந்தால், பிடித்தவர் கைப்பழக்கம் தெரியும். உள்விளிம்பில் நுண்ணிய பற்கள் இருந்தால் கருக்கரிவாள்.

பலரைத் திகைக்க வைப்பது மாட்டு லாடம். ஆணித் துளைகளுடன் கூடிய சிறிய பிறை போன்ற தகடு அது. மாட்டுக் குளம்பு பிளவுபட்டது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு. குதிரை லாடம் ஒரே வளைவாக இருக்கும். நட்சத்திரம் போன்ற பற்களுள்ள சக்கரமும், முன்னே படகு மூக்குப் போன்ற தகடும் கிடைத்தால், அது நெல் வரிசைகளுக்கிடையே உருட்டும் களைக்கருவி. 1950-களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடியுடன் பரவியது. வண்டிச் சக்கரப் பட்டா, கடையாணி, ஏற்றச் சால் ஆகியவற்றின் துண்டுகளும் கிடைக்கலாம். ஊரில் உள்ள முதிய உழவரிடமும் கொல்லரிடமும் காட்டிக் கேட்பது நல்லது. அவர்கள் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதும் உண்டு.

பொருள் கிடைத்தவுடன் செய்ய வேண்டியவை:

1. எடுக்கும் முன் கிடந்தபடியே படம் எடுக்கவும். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைக்கவும்.

2. சர்வே எண், ஆழம், தேதி, உடன் கிடைத்தவை ஆகியவற்றைக் குறித்து வைக்கவும்.

3. அமிலம், உப்புத்தாள், எண்ணெய், நெருப்பு எதுவும் கூடாது. நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாமல் வைக்கவும். உவர் நிலத்து இரும்பு வெளியே எடுத்த பின்னும் இற்றுக்கொண்டே போகும். ஆகவே தாமதம் கூடாது.

4. தாழி, எலும்பு, கருப்பு-சிவப்பு ஓடு ஆகியவற்றுடன் கிடைத்தால் அந்த இடத்தில் உழவையும் தோண்டுவதையும் நிறுத்திவிடவும்.

மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். பழமையானது என்ற ஐயம் எழுந்தால் கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தார் மூலம் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் விவரம் கேட்கலாம். புதையல் இருக்கும் என்று வெளியார் உலோகம் காட்டும் கருவியுடன் வந்து வயலைத் தோண்ட இடம் கொடுக்க வேண்டாம்.

துருப்பிடித்த இரும்பால் ஏற்படும் காயத்தை அசட்டை செய்யக் கூடாது. காயத்தைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையானால் ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக் கொள்வது அவசியம்.

எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும்; உருக்கிய இரும்பு திரும்ப வராது. அந்த வயலை நமக்கு முன் உழுதவர் யார், எதைக் கொண்டு உழுதார் என்பதற்கு வேறு ஆவணம் இல்லாத ஊர்கள் பல. அங்கே அந்தத் துண்டு இரும்புதான் ஆவணம்.