கோரமண்டல்: இல்லாத கப்பலுக்கு ஒரு எடைக் கணக்கு

என் பாட்டி யாரையாவது திட்டும்போது "அவன் சரியான எம்டன்" என்பார். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரிந்தபோது கல்லூரி முடித்திருந்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன அதே எம்டன்தான். சின்னக் கப்பல். அதைத் துரத்திப் பிடிக்க அந்த இரவில் பக்கத்தில் எதுவும் இல்லை.

இருந்திருக்கலாம். 1909இல் லண்டனில் நடந்த ஏகாதிபத்திய மாநாட்டில் ஒரு திட்டம் பேசப்பட்டது. ஆஸ்திரேலியா, சீனக் கடல், கிழக்கிந்தியப் பகுதி என்று மூன்று கடற்படைப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டில்குரூசர், மூன்று சிறு குரூசர்கள், ஆறு டெஸ்ட்ராயர்கள், மூன்று நீர்மூழ்கிகள். கடைசியில் ஆஸ்திரேலியா மட்டும்தான் திட்டப்படி தன் பிரிவை அமைத்தது. சீனக் கடலுக்கென்று கட்டிய நியூசிலாந்து கப்பலை பிரிட்டன் தன் வீட்டுப் பக்கமே வைத்துக்கொண்டது.

மாற்று வரலாற்றுக்கு இது நல்ல கிளைப்புள்ளி. கிழக்கிந்தியப் பிரிவும் அமைந்திருந்தால் அதற்கு எந்தக் கப்பல் வந்திருக்கும்? 'கோரமண்டல்' என்று பெயர் வைத்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன்.

முதல் வடிவம் அருமையாக வந்தது. பத்து 12 அங்குலப் பீரங்கி, 11 அங்குலக் கவசம், 28 நாட் வேகம். எடையைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் நான் போட்டது கப்பல் இல்லை, ஆசைப் பட்டியல் என்று புரிந்தது. கற்பனைக் கப்பல் வடிவமைப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. கதையில் வரலாற்றை மாற்றலாம். இரும்பின் எடையை மாற்ற முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று சூத்திரங்கள் போதும்.

முதலில் வேகம். ஒரே அளவுக் கப்பலுக்குத் தேவையான குதிரைத்திறன், தோராயமாக வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். 1906இல் வந்த டிரெட்நாட் 23,000 குதிரைத்திறனில் 21 நாட் போகும். அதே அளவுக் கப்பலை 25 நாட் ஓடவைக்க சூத்திரப்படி சுமார் 38,800 வேண்டும். அடுத்து வந்த பேட்டில்குரூசர் இன்வின்சிபிளுக்கு உண்மையில் கொடுத்தது 41,000. இவ்வளவு எளிய சூத்திரம் இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய விஷயம். நாலு நாட்டுக்காக டிரெட்நாட்டின் 18 பாய்லர் 31 ஆனது. அந்த எடைக்கும் இடத்துக்கும் விலையாக ஒரு ஜோடிப் பீரங்கி போனது, 11 அங்குலப் பக்கக் கவசம் 6 அங்குலமாக இளைத்தது.

அடுத்து கவசம். ஒரு சதுர அடி எஃகு, ஓர் அங்குலத் தடிமனில் சுமார் 40.8 பவுண்டு. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு. என் கப்பலின் பக்கக் கவசம் 300 அடி நீளம், 11 அடி உயரம், இரண்டு பக்கம். ஆக ஓர் அங்குலத்துக்கு 120 டன். மேல்தளக் கவசம் 300 அடிக்கு 75 அடி. அங்கே ஓர் அங்குலத்துக்கு 410 டன்! பக்கத்தில் மூன்று அங்குலம் கூட்டுவதைவிடத் தளத்தில் ஓர் அங்குலம் கூட்டுவது செலவு அதிகம். அந்தக் காலத்துக் கப்பல்களின் தளம் ஏன் அவ்வளவு மெலிசு என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். பதில் ஒரு பெருக்கலில் இருந்தது.

மூன்றாவது, டரட். இரட்டைப் பீரங்கி டரட் ஒன்று, அதன் கீழே இறங்கும் பார்பெட் கவசம், குண்டுகள், வெடிமருந்து எல்லாம் சேர்த்து 800 டன் என்று நானாக ஒரு தோராயம் வைத்துக்கொண்டேன்.

இப்போது அடித்தளமாக ஒரு நிஜக் கப்பலை எடுக்கவேண்டும். 1911இல் முடிந்த இன்டிஃபேட்டிகபிள் பொருத்தமாக இருந்தது. 18,500 டன், எட்டு 12 அங்குலப் பீரங்கி, 25 நாட், 6 அங்குலக் கவசம். ஆஸ்திரேலியா வாங்கியதும் இதே வகைதான்.

நான் செய்த மாற்றம் இது. ஒரு டரட்டைக் கழற்றினேன்: 800 டன் மிச்சம். பக்கக் கவசத்தை 9 அங்குலம் ஆக்கினேன்: 360 டன் போச்சு. மூன்று பார்பெட்டுக்கும் இரண்டு அங்குலம் கூட்டினேன்: 190. மேல்தளத்துக்கு அரை அங்குலம்: 205. மொத்தச் செலவு 755. கையில் 45 டன். வேகத்தில் கை வைக்கவில்லை. எம்டன் போன்றவற்றைத் துரத்தத்தான் கப்பலே.

ஆறு பீரங்கி போதுமா என்று கேட்கலாம். எதிரே ஜெர்மன்காரர்கள் செய்ததைப் பாருங்கள். கிட்டத்தட்ட இதே எடையில் ஃபான் டெர் டான் என்ற கப்பலைக் கட்டினார்கள். பீரங்கி எட்டு, ஆனால் 28 சென்டிமீட்டர், அதாவது 11 அங்குலம்தான். பக்கக் கவசம் 250 மில்லிமீட்டர், ஏறக்குறைய 10 அங்குலம். வேகத்திலும் குறைவில்லை. ஒரே எடையை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகச் செலவழித்தன.

இந்த இரண்டு கப்பலும் 1916 மே 31 அன்று ஜட்லண்டில் நேருக்கு நேர் சந்தித்தன. கால் மணி நேரத்தில் இன்டிஃபேட்டிகபிள் வெடித்து மூழ்கியது. 1,017 பேர் இறந்தார்கள், இரண்டே பேர் பிழைத்தார்கள். அன்று மாலைக்குள் குயின் மேரியும் இன்வின்சிபிளும் அதே மாதிரி போயின. மூன்றிலும் சேர்த்து 3,300 பேருக்கு மேல்.

இதைப் படித்தபோது, என் 9 அங்குலம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று ஒரு திருப்தி வந்தது உண்மை. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

ஏனென்றால் கதை கவசத்தோடு முடியவில்லை. வேகமாகச் சுடவேண்டும் என்பதற்காக பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்களில் மேகசின் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். பட்டுப் பைகளில் இருந்த கார்டைட்டை முன்கூட்டியே வெளியே எடுத்து அடுக்கினார்கள். டரட்டில் பற்றிய தீ கீழே இறங்க வழி தயாராக இருந்தது. ஜெர்மன் கப்பல்களில் முக்கியமான வெடிமருந்து பித்தளை உறைக்குள் இருந்ததால், தீப்பிடித்தாலும் பெரும்பாலும் எரிந்தது, வெடிக்கவில்லை.

லயன் கப்பல் பிழைத்த கதை இதற்குச் சாட்சி. அதன் கன்னர் அலெக்சாண்டர் கிராண்ட் முன்பே கண்டிப்பு காட்டி, கதவை மூடு, தேவையான அளவு மட்டும் வெளியே எடு என்று பழக்கியிருந்தார். ஜட்லண்டில் அதன் 'க்யூ' டரட் அடிபட்டபோது, சாகக் கிடந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி மேகசினில் தண்ணீர் விட உத்தரவிட்டார். தீ கீழே இறங்கியும் கப்பல் வெடிக்கவில்லை. லயனின் பக்கக் கவசமும் குயின் மேரியின் பக்கக் கவசமும் ஒரே 9 அங்குலம்தான்.

நான் கோரமண்டலுக்குக் கொடுத்ததும் அதே 9 அங்குலம்!

இங்கே எனக்கு ஒரு பழைய நினைவு. முன்பு வேலை பார்த்த இடத்தில், இரவு ஓடும் ஒரு புரோகிராம் காலைக்குள் முடியவில்லை என்று நெருக்கினார்கள். நான் ஒரு சரிபார்ப்பு வரியை கமெண்ட் போட்டு நிறுத்தினேன். வேகம் வந்தது, பாராட்டும் வந்தது. சில வாரம் கழித்துத் தப்பான ஒரு ஃபைல் உள்ளே நுழைந்தது. டேட்டாவைச் சரிசெய்ய இரண்டு நாள் தூங்கவில்லை. யாரும் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கதவைத் திறந்து வைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிச்சமிருந்த 45 டன்னை, ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காத இரட்டைக் கதவுகளுக்கும், தீ இறங்காத தடுப்புகளுக்கும் ஒதுக்கினேன். சுடும் வேகம் குறையும் என்று அதற்கான கட்டத்தையும் குறைத்தேன். ஆனால் அவசரத்தில் ஒரு மாலுமி அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தால் என்ன செய்வது? அதற்கு என் ஷீட்டில் ஒரு காலம் இல்லை.

அதனால் கோரமண்டலின் கதையை எழுதும்போது, முதல் அத்தியாயத்தில் பீரங்கி சுடும் காட்சி வராது. கிராண்ட் மாதிரி ஒரு கன்னர் மேகசின் கதவடியில் நின்று, எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருப்பார்.